கணப்படுப்பில் காஸ் கட்டைகள்: பற்றவைக்கும் முன் புகைபோக்கியைப் பாருங்கள்

2008ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வுட்ஸ்ரொக் நகரிலுள்ள ஒரு வீட்டில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரும் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்துபோனார்கள். தாய் மாகாணக் காவல்துறையில் பணியாற்றியவர். வீட்டிலிருந்த எரிவாயுக் கணப்படுப்பின் புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. நச்சு வாயுவைக் கண்டு ஒலி எழுப்பும் கருவி அந்த வீட்டில் இல்லை. அந்தத் தாயின் உறவினரான தீயணைப்பு வீரர் ஒருவர் விடாமல் முயன்றதன் பயனாக, 2013இல் ஹோக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் நிறைவேறியது. ஒன்ராறியோ வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது அந்தச் சட்டம்தான்.

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் பழைய வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, வரவேற்பறையில் செங்கல்லால் கட்டிய ஃபயர்பிளேஸ் ஒன்றையும் சேர்த்தே வாங்குகின்றன. விறகு வாங்கி, எரித்து, சாம்பல் அள்ள யாருக்கும் நேரமில்லை. அதனால் விறகுக்கட்டை போலவே தோன்றும் பீங்கான் கட்டைகளையும் அவற்றுக்கு அடியில் எரியும் எரிவாயு பர்னரையும் கொண்ட ‘காஸ் லாக்’ மீது ஆசை வருகிறது. சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் சுடர் எழுகிறது. பார்ப்பதற்கு அது ஓர் அலங்காரப் பொருள். ஆனால் அது எரிபொருளை எரிக்கும் சாதனம். எரிந்து முடிந்த வாயு எந்த வழியாக வீட்டை விட்டு வெளியேறும் என்று தெரிந்த பிறகுதான் எந்தச் சுடர் அழகு என்று யோசிக்க வேண்டும்.

மூன்று வகைகள், மூன்று விதிகள்

முதல் வகை, புகைபோக்கி தேவைப்படும் கட்டைத் தொகுப்பு. விறகு எரிப்பதற்கென்று கட்டிய கணப்படுப்புக்குள் மட்டுமே இதை வைக்கலாம். புகைபோக்கியின் கழுத்தில் டாம்பர் என்னும் இரும்புத் தகடு இருக்கும். விறகு எரிக்காத நாட்களில் குளிர்காற்று உள்ளே வராதபடி அதை மூடி வைப்பது வழக்கம். காஸ் கட்டைகளை வைத்தபின் அதை முழுவதும் மூடக் கூடாது. அதற்காகவே டாம்பரில் ஒரு சிறிய கவ்வியை மாட்டி, எப்போதும் இடைவெளி இருக்கும்படி செய்கிறார்கள். குளிர்காற்று வருகிறதென்று அந்தக் கவ்வியைக் கழற்றிவிட்டு, அடுத்த நாள் வேறொருவர் சுவிட்சைத் தட்டினால், நச்சு வாயு முழுவதும் வீட்டுக்குள்தான் வரும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகையில் பெரும்பகுதி வெப்பம் புகைபோக்கி வழியாகவே போய்விடும். வீட்டைச் சூடாக்க இது உதவும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது வகை, கண்ணாடியால் மூடிய ‘இன்சர்ட்’. எரிவதற்கான காற்றை ஒரு குழாய் வெளியிலிருந்து கொண்டுவரும். மற்றொரு குழாய் புகையை வெளியே கொண்டுபோகும். வீட்டுக் காற்றோடு இதற்குத் தொடர்பில்லை என்பதால், பாதுகாப்பிலும் வெப்பத்திலும் இதுவே மேலானது. விலை அதிகம். இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, முன்பக்கக் கண்ணாடி. சிறு குழந்தையின் உள்ளங்கை பட்ட நொடியிலேயே தோல் கருகும் அளவுக்கு அது சூடாகும். அணைத்த பிறகும் வெகுநேரம் ஆறாது. இப்போது வரும் கருவிகளுடன் கண்ணாடிக்கு முன் மாட்டும் வலைத்தடுப்பு தரப்படுகிறது. அதைக் கழற்றாதீர்கள், பழைய கருவிக்குத் தடுப்பு இல்லையென்றால் வாங்கிப் பொருத்துங்கள். மற்றொன்று, வெளிச்சுவரில் குழாய் முடியும் இடம். பனி கொட்டிய நாளில் வாசலைச் சுத்தம் செய்யும்போது அந்த இடத்தையும் பார்த்துப் பனியை அகற்றுங்கள்.

மூன்றாவது வகை, புகைபோக்கியே தேவையில்லை என்று விற்கப்படுவது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது கிடைக்கிறது. கலிபோர்னியா இதை வீடுகளில் அனுமதிப்பதில்லை. கனடாவிலும் வீட்டுக்குள் பொருத்த அனுமதி இல்லை. அறையின் ஆக்சிஜன் அளவு 18 சதவீதத்துக்குக் குறைந்தால் எரிவாயுவை நிறுத்தும் உணரி இதில் உண்டு. ஆனாலும் எரிந்த வாயு அனைத்தும் நீங்கள் மூச்சுவிடும் அறையிலேயே கலக்கிறது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவியும் உண்டாகும். குளிர்காலத்தில் அது ஜன்னலிலும் சுவரிலும் படிந்து, அங்கே பூஞ்சை வளரும். எல்லைக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கிறதென்றோ, இணையத்தில் தள்ளுபடி என்றோ இதை வாங்கிவிடாதீர்கள். கனடாவுக்கான சான்று முத்திரை இல்லாத எந்த எரிவாயுக் கருவியும் உங்கள் வீட்டுக்கு உரியதல்ல.

ஆபத்து எப்படி உருவாகிறது

எரிவாயு முழுமையாக எரியக் காற்று போதாதபோதும், சுடர் கட்டைகளின் மீது தவறாக மோதும்போதும் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. பீங்கான் கட்டைகள் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அழகுக்காக ஒன்றை நகர்த்துவது, கூடுதலாக ஒன்றை அடுக்குவது, கூழாங்கல்லோ பைன் காயோ போடுவது எல்லாம் சுடரின் பாதையைக் கெடுக்கும். கட்டைகளிலோ கண்ணாடியிலோ கரி படிந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். பர்னரைப் பற்றவைக்கும் சிறிய பைலட் சுடர் அடிக்கடி அணைந்தாலும், கணப்பு எரியும்போது ஜன்னல்கள் வழக்கத்துக்கு மாறாக வியர்த்தாலும் உடனே அணைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

நம் சமையலறைகளுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. தாளிப்பும் பொரியலும் நடக்கும் வீட்டில் அடுப்பின் மேலுள்ள ஹூட் பலமாகக் காற்றை வெளியே இழுக்கும். இறுக்கமாக அடைத்துக் கட்டிய வீட்டில், அந்தக் காற்றை ஈடுசெய்ய வேறு வழி இல்லாவிட்டால், புகைபோக்கி வழியாகவே வெளிக்காற்று உள்ளே இறங்கும். அதோடு நச்சு வாயுவும் இறங்கும். துணி உலர்த்தும் இயந்திரமும் இதையே செய்யும். ஆகவே, முதல் வகைக் கட்டைகளைப் பொருத்தும் தொழில்நுட்பரிடம், ஹூட்டையும் டிரையரையும் ஓடவிட்டுப் புகை சரியாக மேலே போகிறதா என்று சோதித்துக் காட்டும்படி கேளுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம், சோர்வு ஆகியவை வரும், காய்ச்சல் இருக்காது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் குறைந்தால், சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று 911ஐ அழையுங்கள். அலாரம் ஒலித்தாலும் அதையே செய்யுங்கள். தீயணைப்பு வீரர்கள் அளந்து பார்த்துச் சொல்லும்வரை உள்ளே போக வேண்டாம்.

எரிவாயுக் கசிவு வேறு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. வீட்டுக்குள் நின்று தொலைபேசியிலும் பேசக் கூடாது. வெளியேறிய பிறகு எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையோ 911ஐயோ அழையுங்கள். கிராமப்புற வீடுகளில் புரோப்பேன் பயன்படுத்துவோருக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே எழும். புரோப்பேன் கனமானது, தரையோடு தவழ்ந்து பேஸ்மென்ட்டில் தேங்கும். இரண்டுக்கும் அழுத்தமும் பர்னரின் துளையளவும் வேறு. ஒன்றுக்கான கட்டைத் தொகுப்பை மற்றொன்றில் இணைக்கக் கூடாது.

யார் பொருத்த வேண்டும்

ஒன்ராறியோவில் எரிவாயுப் பாதுகாப்பைக் கண்காணிப்பது டிஎஸ்எஸ்ஏ எனப்படும் தொழில்நுட்பத் தரம் மற்றும் பாதுகாப்பு ஆணையம். எரிவாயு வேலைக்கு வரும் நிறுவனம் அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை செய்பவரிடம் எரிவாயுத் தொழில்நுட்பர் சான்றிதழ் இருக்க வேண்டும். ஜி1, ஜி2, ஜி3 என அதில் படிகள் உண்டு. ஜி3 பெற்றவர் மேற்பார்வையின் கீழேயே வேலை செய்யலாம். பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. தெரிந்த தம்பி, நம் ஊர்க்காரர், பாதி விலைக்குச் செய்து தருகிறார் என்ற காரணத்துக்காக இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உண்மையில் சான்று பெற்ற தம்பி அதைப் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்.

வேலை தொடங்கும் முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, உள்ளே விரிசல், பழைய தார்ப்படிவு, பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிவாயுக் குழாயின் அளவு புதிய கருவிக்குப் போதுமா என்று கணக்கிட வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் அடைப்பு வால்வு வேண்டும். மேலே மரத்தட்டு இருந்தால் கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இணைப்புகளில் கசிவுச் சோதனையும் அழுத்தச் சோதனையும் நடக்க வேண்டும். நகராட்சி அனுமதி தேவையா என்று கேட்டு, வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். தகுதியற்றவர் பொருத்திய கருவியால் விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். கையேடு, பற்றுச்சீட்டு, உத்தரவாதம், பதிவெண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்துக்கு முன் பராமரிப்புச் செய்யுங்கள்.

தொழில்நுட்பர் சில வேளை கருவியில் ஆபத்து அறிவிப்புச் சீட்டைக் கட்டுவார். ‘ஏ’ வகைச் சீட்டு என்றால் உடனடி ஆபத்து. எரிவாயு அங்கேயே நிறுத்தப்படும். ‘பி’ வகை என்றால் குறித்த காலக்கெடுவுக்குள் பழுதைச் சரிசெய்ய வேண்டும். கோபப்பட்டு வேறொருவரைக் கூப்பிட்டு மீண்டும் பற்றவைப்பது, உங்கள் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

அலாரம்

எரிபொருள் கருவியோ கணப்படுப்போ வீட்டோடு இணைந்த கராஜோ இருந்தால், படுக்கையறைகளுக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மாடியிலும் அது கட்டாயம். அலாரத்துக்கு ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்ட தேதி முடிந்ததும் மாற்றிவிடுங்கள். புகைக்கும் நச்சு வாயுவுக்கும் ஒரே கருவி இருக்கும் வீடுகளில், மீன் பொரிக்கும்போது கத்துகிறதென்று பலர் பேட்டரியைக் கழற்றுகிறார்கள். அத்தோடு நச்சு வாயுவிலிருந்து கிடைக்கும் காவலும் போய்விடுகிறது. சமையலறையிலிருந்து தள்ளி மாட்டுங்கள், கழற்றாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு, கணப்பை எப்படி அணைப்பது, அந்த ஒலி கேட்டால் எப்படி வெளியேறுவது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள்.

உங்கள் உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பனையாளர் உங்கள் வீட்டுக்கு வந்து எழுதி வாங்கும் 50 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ரத்தை எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டாலன்றி அதற்குமேல் 10 சதவீதத்தைவிட அதிகமாக வாங்க முடியாது. வாடகைக்குக் கருவி கொடுத்துவிட்டு வீட்டுப் பத்திரத்தின் மீது பிணைக்குறிப்புப் பதிவு செய்யும் வழக்கம் 2024இல் தடைசெய்யப்பட்டது. பழைய பதிவைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்கும் முன் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் மாணவர்களுக்கும் புதிதாக வந்த குடும்பங்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அலாரம் மாட்டுவதும் ஆண்டுதோறும் சோதிப்பதும் வீட்டுக்காரரின் கடமை. கணப்பும் உலையும் பழுதின்றி இருப்பதும் அவர் பொறுப்பு. நீங்கள் அலாரத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடாது. எழுத்தில் கேட்டும் செய்யாவிட்டால் நகரத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அவர்கள் வந்து பார்ப்பார்கள். பழுதுபார்ப்புக்கு நிலவுடைமையாளர்–குத்தகையாளர் வாரியத்தில் டி6 படிவத்தால் விண்ணப்பிக்கலாம். அரசு அலுவலகத்தில் முறையிட்டதற்காக உங்களை வெளியேற்ற முயன்றால், அந்தக் கோரிக்கையை வாரியம் மறுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது.

பிழை நடந்துவிட்டால்

முதலில் கருவியை அணைத்து வால்வை மூடுங்கள். பிறகு பதிவு பெற்ற வேறொரு தொழில்நுட்பரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். படங்களும் பற்றுச்சீட்டும் சேர்த்து, சரிசெய்யவோ பணத்தைத் திருப்பவோ கோரிப் பொருத்தியவருக்குக் கடிதம் அனுப்புங்கள். பாதுகாப்புக் குறையும் பதிவில்லாத வேலையும் டிஎஸ்எஸ்ஏவிடமும், ஏமாற்று ஒப்பந்தம் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடமும் முறையிட வேண்டியவை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் தொகையைத் திரும்பக் கோரலாம். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலும் வழக்கிடலாம். 2025 அக்டோபர் முதல் அதன் உச்சவரம்பு 50,000 டாலர். பொதுவாக, பிழையை அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும்.

இந்த முன்னெச்சரிக்கைகளில் எதுவும் பெருஞ்செலவல்ல. ஓர் அலாரத்தின் விலை, ஓர் ஆண்டுப் பராமரிப்பு, பதிவெண் கேட்கும் ஒரு நிமிடத் துணிவு ஆகியவை போதும். குளிர்காலத்துக்கு முன்பு அலாரத்தின் தேதியைப் பாருங்கள். முதல் வகைக் கட்டைகள் என்றால், டாம்பரில் கவ்வி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரரிடமும் இவற்றைப் பார்த்தாரா என்று கேளுங்கள். அலாரமோ கவ்வியோ சரியாக இல்லாத வீட்டில், சரியாகும்வரை கணப்பை ஏற்ற வேண்டாம்.