5 ஏக்கர் கோடு: மதுரைத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது ஏன்?

மேலூர் பக்கம் அடுத்தடுத்து ரெண்டு வயல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாலரை ஏக்கர், பக்கத்துக்காரருக்கு ஐந்தரை ஏக்கர். மழை பொய்த்து ரெண்டு பேர் பயிரும் கருகிவிட்டது. கடன் வாங்கியதும் ஒரே கூட்டுறவு சங்கத்தில். ஆனால், நாலரை ஏக்கர்காரரின் கடனை மட்டும் அரசு தள்ளுபடி செய்கிறது. "அவருக்கு உண்டு, எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று மற்றவர் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

என்ன வழக்கு?

2016 மே 23-ல் பதவியேற்ற அன்றே கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டார் முதல்வர் ஜெயலலிதா. 5 ஏக்கர் வரை நிலம் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும்தான் சலுகை. 16.94 லட்சம் பேர், சுமார் 5,780 கோடி ரூபாய்.

இதை எதிர்த்து அய்யாக்கண்ணு தலைமையிலான விவசாயிகள் சங்கம் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனது. 2017 ஏப்ரல் 4-ல் நீதிபதிகள் எஸ்.நாகமுத்து, எம்.வி.முரளிதரன் அமர்வு, எல்லா விவசாயிகளுக்கும் தள்ளுபடி தரச் சொன்னது. அரசுக்குக் கூடுதல் செலவு சுமார் 1,980 கோடி ரூபாய்.

அரசு அப்பீல் போனது. 2021 நவம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் மதுரைத் தீர்ப்பை ரத்து செய்தது.

கோர்ட் எதைப் பார்க்கும்?

சலுகையை யாருக்குத் தரலாம் என்று முடிவெடுப்பது அரசின் வேலை. அரசு போட்ட கோடு அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்குள் நிற்கிறதா என்று மட்டுமே கோர்ட் பார்க்கும். அதற்கு ரெண்டு கேள்விகள்:

1. சிலரைத் தனியாகப் பிரித்ததற்குத் தெளிவான அடிப்படை இருக்கா?
2. அந்த அடிப்படைக்கும் திட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்கா?

வறட்சி எல்லாரையும் அடிக்கும். ஆனால், அடி வாங்கி எழுந்து நிற்கும் தெம்பு சிறு விவசாயிக்குக் குறைவு. அதனால் இந்தக் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம்.

கோடு அழிந்ததும் உண்டு

மத்திய அரசு 1979-ல் பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கியது. ஆனால், 1979 மார்ச் 31-க்கு முன்னால் ரிட்டயர் ஆனவர்களுக்கு அது கிடையாது என்றது. தேதியை வைத்துப் பென்ஷன்தாரர்களை இப்படிப் பிரிக்கக் காரணமே இல்லை என்று, நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது.

நமக்கு என்ன?

மகளிர் உரிமைத் தொகைக்கும் கோடுகள் உண்டு: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய், நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கர். வீட்டில் யாருக்காவது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 'விதிப்படி எனக்குத் தகுதி உண்டு, ஆபீஸில் தப்பாகக் கணக்கு போட்டுவிட்டார்கள்' என்பது ஒரு வழக்கு. 'அந்த விதியே தப்பு' என்பது வேறு வழக்கு. முதலாவதற்கு ஆவணங்கள் கையில் இருந்தால் போதும், மேல்முறையீட்டிலேயே முடியலாம். ரெண்டாவதில், மேலே சொன்ன ரெண்டு கேள்விகளையும் தாண்டியாக வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஐந்தரை ஏக்கர்காரரே சாட்சி.