பத்திரத்தில் என் பெயரும்!



ஊருக்குப் போனால் எல்லோரும் என்னை 'லண்டன்காரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் இருப்பது லண்டனே இல்லைங்க. அங்கிருந்து ரயிலேறித் தெற்கே வந்தால், காட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிராலி என்று ஒரு ஊர். அதில் காசப்ஸ் கிரீன் என்ற சின்னக் காலனி. லண்டன் நெரிசலைக் குறைப்பதற்காக, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு 1947-ல் அரசாங்கமே திட்டம் போட்டு உருவாக்கிய புது ஊர் இது. காலனி காலனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை கடைகள், ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம், கொஞ்சம் புல்வெளி என்று அமைத்திருக்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகையில் காலனிக்கு ஒரு நிறம். நிறத்தைப் பார்த்தே எந்தக் காலனியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசுகிற எனக்கு ஆரம்பத்தில் அந்தப் பலகைகள்தான் துணை!

ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தோம். சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கணும் என்றாலும் வீட்டுக்காரரைக் கேட்கணும். வாடகையோ ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 2023-ல், "இங்கேயே ஒரு வீடு பார்ப்போம்" என்று என் கணவர் சொன்னார்.

முதலில் பார்த்த வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாங்கள் சொன்ன விலைக்கு வீட்டுக்காரர் சம்மதித்தார். அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டேன். கட்டடத்தைச் சோதிக்க ஆள் அனுப்பிப் பணமும் கட்டினோம். ஐந்து வாரம் கழித்து, வேறு ஒருத்தர் கூடுதலாகத் தருகிறார் என்று அவருக்கே கொடுத்துவிட்டார்கள். நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டால் ஒரு பிடிப்பு இருக்கும். இங்கிலாந்தில் 'சரி' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பே கிடையாது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் நாள் வரை யாரும் பின்வாங்கலாம். சோதனைக்குக் கட்டின பணம் போனது போனதுதான். இதற்கு 'கசம்பிங்' என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்!

இரண்டாவதாகக் கிடைத்ததுதான் இப்போதுள்ள வீடு. மூன்று படுக்கையறை, இரண்டு பக்கமும் ஒட்டின வீடுகள், பின்னால் துண்டுத் தோட்டம். விலை 3 லட்சத்து 45 ஆயிரம் பவுண்டு. விற்கிறவர் போகவேண்டிய வீடு காலியாகணும், அந்த வீட்டுக்காரர் போகவேண்டிய வீடும் காலியாகணும். இப்படிச் சங்கிலி போல நீண்டதில் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பத்திர விஷயத்தில் மட்டும் நம்மூரைவிட நிம்மதி. பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று அலைய வேண்டாம். எல்லாம் நிலப் பதிவேட்டில் இருக்கிறது. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று கம்ப்யூட்டரில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று குடைகிறார்கள், அப்பப்பா! பத்து சதவீத முன்பணத்தில் கால்வாசி, நான் ஊருக்குப் போய் விற்ற என் 20 பவுன் நகை. (இங்கே பணமும் பவுண்டு, என் நகையும் பவுன்!) நகைக்கடை ரசீது, பேங்க் கணக்கு எல்லாம் கேட்டார்கள். நல்லவேளை, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். லோன் பேப்பரில் என் கணவர் தன் பெயரை மட்டும் போட்டிருந்தார். "உனக்குச் சம்பளம் இல்லையே, உன் பெயரைச் சேர்த்தால் சிக்கலாகும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் அவருடைய அண்ணன் அப்படிச் சொல்லியிருக்கிறார். நானும் சும்மாதான் இருந்தேன். அப்புறம் வக்கீலிடமிருந்து எனக்கென்று ஒரு காகிதம் வந்தது, கையெழுத்துப் போடச் சொல்லி. டிக்ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தேன். லோன் கட்டாமல் பேங்க் வீட்டை எடுத்துக்கொண்டால், 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று நான் நிற்கமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். வீட்டில் குடியிருந்து, பத்திரத்தில் பெயர் இல்லாத பெரியவர்கள் எல்லோரிடமும் வாங்குகிற கையெழுத்தாம்.

எனக்குச் சுருக்கென்றது. என் நகை போயிருக்கிறது, பத்திரத்தில் நான் இல்லை, இருக்கிற உரிமையையும் விட்டுத்தரணுமா? கணவரிடம், "நான் கையெழுத்துப் போடலைங்க. வக்கீலம்மாகிட்ட நானே பேசறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேச்சில்லை.

வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். சம்பளம் இல்லாத மனைவியையும் சேர்த்துக்கொள்கிற பேங்குகள் உண்டு. ஆனால் லோன் முழுவதற்கும் நானும் பொறுப்பு. ஒருத்தர் கட்டாவிட்டால் இன்னொருத்தரைக் கேட்பார்கள். பெயரைச் சேர்ப்பதிலும் இரண்டு விதம். ஒன்றில், ஒருவர் காலமானால் வீடு முழுவதும் தானாகவே மற்றவருக்கு வந்துவிடும். இன்னொன்றில் பங்கு தனித்தனி. அவரவர் பங்கு உயில்படி போகும். பெயரே இல்லாவிட்டாலும், கணவர் பெயரிலுள்ள வீட்டில் குடியிருக்க மனைவிக்கு 1996-ம் வருஷச் சட்டப்படி உரிமை உண்டு, அதைப் பதிவேட்டில் குறித்தும் வைக்கலாம் என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் கணவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 'ஒருவர் காலமானால்' என்றபோது தலையைத் தூக்கினார். வைத்த பிறகு, "எனக்கு ஒண்ணு ஆனா நீயும் பிள்ளைங்களும் எங்க போவீங்கன்னு நான் யோசிக்கவே இல்லை" என்றார். லோன் விண்ணப்பத்தை மாற்றியதில் மூன்று வாரம் தாமதமானது. அதற்குள் இந்த வீடும் கைநழுவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. முதல் விதத்தில் இரண்டு பேர் பெயரும் ஏறியது.

இங்கே வீடு வாங்கப்போகிற சகோதரிகளுக்கு இன்னொரு சேதி. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முத்திரை வரியில் சலுகை உண்டு. நாங்கள் வாங்கியபோது 4 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு வரை வரியே கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து அது 3 லட்சமாகக் குறைந்துவிட்டது. வாங்குகிற இரண்டு பேருக்குமே உலகத்தில் எங்கும் சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. நம்மூரில் அப்பா எழுதிவைத்த வீட்டில் பங்கு இருந்தாலும் சலுகை போய்விடும். எங்கள் மாமனார் வீடு மாமியார் பெயரில் இருந்ததால் தப்பித்தோம்.

சாவி வாங்கிய மறுநாள் கரண்ட் அடுப்பில் பால் காய்ச்சினோம். பால் பொங்க இருபது நிமிஷம் பிடித்தது. நான் சாம்பிராணி போட்டதும் புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடியே வந்துவிட்டார். அவருக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். சர்க்கரை தூக்கல் என்று சொன்னாலும் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

– ஒரு வாசகி, கிராலி, இங்கிலாந்து.