முகத்தில் மட்டும் ஊசி படக்கூடாது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும் சாமி படங்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். லட்சுமிக்கு நிஜப் பட்டுத் துணியில் புடவை, கரைக்குச் சரிகை, கழுத்தில் சம்கியும் பாசியும். உள்ளே இருப்பது அச்சுப் படம்தான். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் சாமி படங்கள் வீடு வீடாகப் போயின. செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் அவற்றை வாங்கிய கோலத்திலேயே மாட்டவில்லை. துணி வெட்டி ஒட்டி, மணி கோத்து, அதற்குமேல்தான் கண்ணாடி போட்டார்கள். அதே கைவேலை செய்த குடும்பப் படங்களும் என் கைக்கு வந்திருக்கின்றன. சாமியோ ஆசாமியோ, உடம்பெல்லாம் மினுங்கும். முகத்தில் ஒரு சம்கிகூட இருக்காது.

தேவகோட்டையில் எனக்குப் பிழைப்பு ஆரி வேலை. முகூர்த்த ரவிக்கைதான் சோறு போடுகிறது. மணிவிழாவுக்குப் பரிசாகக் குடும்பப் படத்தில் வேலை செய்து தரச் சொல்லி இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். வெள்ளிக் குத்துவிளக்கு ஏற்கெனவே வீட்டில் நாலு இருக்கும். படம் போட்ட காபிக் கோப்பை ரெண்டு மாதத்தில் பேனா ஸ்டாண்ட் ஆகிவிடும். கையால் செய்த படம் சுவரில் நிற்கிறது.

முதலில் ஒன்று. அசல் படத்தின்மேல் நான் ஊசி வைப்பதில்லை, கத்தரியும் வைப்பதில்லை. எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. அசல் போனால் போனதுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். 1880 தொடங்கி 1980 வரையிலான படங்கள். இந்த ஊர்க்காற்றில் அவை எவ்வளவு வேகமாகப் போகின்றன என்பது பரணில் பெட்டி திறந்தவர்களுக்குத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகி, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பிரிக்காமல் அப்படியே மேசையில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துக்கொண்டு நகலாக ஒரு படம் எடுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது.

அடுத்த தகராறு பேரப்பிள்ளைகளோடு. எடுத்த படத்தை ஏதோ செயலியில் போட்டு ‘தெளிவாக்கி’ அனுப்புகிறார்கள். தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரோ ஒருத்தர். சிங்கப்பூரிலிருந்து அப்படி ஒரு படம் வந்தது. ரங்கூனில் எடுத்தது, அட்டையில் ஸ்டுடியோ முத்திரைகூட இருக்கிறது. அந்த வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

“இது ஆருத்தா? எங்க ஆயாவா? அவுகளுக்குக் கன்னத்துல அம்மைத் தழும்பு இருக்குமே.”

“சுத்தம் பண்ணிட்டாகளாம் ஆச்சி.”

“அதை வச்சுத்தானே அவுகளைத் தெரியும்! பழசையே போடு.”

பழசையே போட்டேன். அந்தக் காலத்தில் படத்துக்குச் சாயம் பூசிய ஸ்டுடியோக்காரர்கள் பலரும் முகம் என்று வந்தால் கன்னத்தில் லேசாகச் சிவப்பு தடவுவதோடு நின்றார்கள். ராஜஸ்தானத்து நாத்துவாராவில் இன்னும் ஒரு படி மேலே. அந்த ஊர்க் கிருஷ்ணனான ஸ்ரீநாத்ஜி முன்னால் கைகூப்பி நிற்கும் குடும்பத்தின் உடம்பையும் உடையையும் ஓவியர் வரைவார். முகத்துக்கு மட்டும் புகைப்படத்தை வெட்டி ஒட்டிய படங்கள் அங்கே உண்டு. வேலை தெரிந்தவர்கள் முகத்தில் தங்கள் கைவரிசையைக் காட்டுவதில்லை.

இனி வேலை. காகிதத்தில் தைக்காதீர்கள். நெருக்கமாக ஊசி குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து கையோடு வரும். கான்வாஸ் துணியில் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். ‘பிக்மென்ட்’ மை என்று கேட்டு வாங்கினால் சீக்கிரம் வெளுக்காது. எதையாவது ஒட்டுவதென்றால் ஒன்று கவனியுங்கள்: பெவிக்கால் தண்ணீர் கலந்தது, சாதாரண இங்க்ஜெட் மையைக் கலங்கடித்துவிடும். மூலையில் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். துணியைச் சட்டத்தில் முறுக்காகக் கட்டி, முகத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிட்டுப் புடவைக் கரையில் தொடங்குவேன். கரைக்கு ஜர்தோசிச் சுருள், உடம்புக்குச் சம்கி ஒன்றிரண்டு. அதற்குமேல் போட்டால் சினிமா பேனர்.

எனக்குப் பிடித்த இடம் கழுத்து. நகரத்தார் கல்யாணப் படம் என்றால் பெண் கழுத்தில் கழுத்துரு என்கிற பெரிய தாலி இருக்கும். கணவருக்கு அறுபது நிறையும்போது அதே கழுத்துருவைத் திரும்ப அணிவார்கள். எனவே மணிவிழாப் பரிசில் அதுதான் முக்கியம். விரல் நீட்டினதுபோல இருக்கும் அந்தப் பெரிய உருக்களுக்குச் சம்கி ஒத்துவராது. தங்கநிற ஜர்தோசிக் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு உருவுக்கும் கீழே இருந்து மேலாக வரிசை கட்டவேண்டும். ஒரு கழுத்துருவுக்கு ஒரு முழுப் பகல் போய்விடும். காசு கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாத வேலை, ஆனாலும் விடமாட்டேன்.

ஓரத்துக்குப் பாசி கோத்துத் தொங்கவிடச் சொல்லிக் கேட்பார்கள். பக்கவாட்டில் தொங்கவிடலாம். படத்தின் மேலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி வந்தால் பார்ப்பதற்கு மாலை போட்ட படம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அப்படிச் செய்து கொடுத்தால் மணிவிழா வீட்டில் முதல் ஆளே முகம் சுளிப்பார். இறந்த ஐயாவையும் இருக்கிற அப்பச்சியையும் ஒரே சட்டத்தில் சேர்க்கச் சொன்னாலும், வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் நான் தொடுவதில்லை.

பிரேம் ஆழமானதாக இருக்கட்டும். மணி கண்ணாடியில் இடிக்கக்கூடாது. பின்பலகையில் பெயர்களை எழுதுங்கள். இந்த ஊரில் பாதி வீட்டில் வள்ளியம்மை உண்டு, இன்னொரு பாதியில் மெய்யப்பன் உண்டு. விலாசம், கோயில் பிரிவு, யாருக்கு யார் என்ன முறை என்பது வரை எழுதினால்தான் கணக்குத் தீரும்.

தை மாதம் மணிவிழா என்றால் படத்தை ஐப்பசிக்குள் கொடுத்துவிடுங்கள். கார்த்திகை பிறந்தால் தை முகூர்த்த ரவிக்கைகள் வந்து குவிந்துவிடும். அப்புறம் கழுத்துருவுக்கான ஒரு முழுப் பகலுக்கு நான் எங்கே போவது?