மிதக்குது மியாவ் வீடு!

உங்க காலேஜ் கேன்டீன்ல ஒரு பூனை இருக்குமே... டேபிளுக்கு அடியில உட்கார்ந்து, ஆம்லெட் வர்ற நேரம் பார்த்து காலை உரசுமே, அதேதான்! போன செமஸ்டர்ல தனியா வந்தது, இந்த செமஸ்டர்ல நாலு குட்டியோட வந்து நிக்குதா? 'ச்சோ ச்வீட்'னு செல்போன்ல படம் எடுத்தாச்சா? இப்போ ஒரு சின்ன கேள்வி பாஸ்... அடுத்த வருஷம் அந்த நாலும் ஆளுக்கு நாலு குட்டியோட வந்து நின்னா என்ன பண்றது?

நம்ம ஊர்ல இதுக்கு வழக்கமா ஒரு 'தீர்வு' உண்டு. குட்டிகளைச் சாக்குல போட்டுக் கட்டி, மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துடறது. 'பூனையைக் கொன்னா தங்கத்துல பூனை செஞ்சு தானம் பண்ணணும்'னு பாட்டிங்க சொல்ற ஊரு இது. அதனால கொல்ல மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத தூரத்துல விட்டுடுவோம், அவ்வளவுதான்!

இதே கேள்விக்கு வேற மாதிரி பதில் கண்டுபிடிச்ச ஒரு அம்மாவைப் பார்க்க, அப்படியே நெதர்லாந்து வரைக்கும் போயிட்டு வருவோமா?

மரத்தடியில ஒரு தாய்ப்பூனை

வருஷம் 1966. ஊர் ஆம்ஸ்டர்டாம். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடற ஊர். அங்கே ஹேரன்க்ராக்ட் கால்வாய் ஓரமா குடியிருந்தவர் ஹென்ரியெட்டா வான் வேல்டெ. ஒருநாள் வீட்டுக்கு எதிர்ல இருந்த மரத்தடியில், குட்டிகளோட ஒதுங்கியிருந்த ஒரு பூனையைப் பார்த்தார். மனசு கேட்கலை. வீட்டுக்குள்ளே தூக்கிட்டு வந்துட்டார்.

கதை அங்கேயே முடிஞ்சிருந்தா நாம இதை எழுதியிருக்க மாட்டோம். அதுக்குத் துணையா இன்னொண்ணு வந்தது. அப்புறம் இன்னொண்ணு. 'அந்த அம்மா பூனைன்னா வாங்கிக்குவாங்க'னு ஊருக்குள்ளே பேச்சு பரவ, வீட்டு வாசல்ல பூனையோட ஆட்கள் வந்து நிக்க ஆரம்பிச்சாங்க. வீடு நிறைஞ்சது. தோட்டம் நிறைஞ்சது. மாடி நிறைஞ்சது. இனி எங்கே போறது?

ஆம்ஸ்டர்டாம்ல தரையில இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஆனா தண்ணி நிறைய இருக்கே! அந்த ஊர்ல ஜனங்களே படகு வீட்டுல குடியிருக்கும்போது பூனைகள் இருந்தா என்னவாம்? 1968-ல் ஒரு பழைய படகை வாங்கி, உள்ளே இருந்ததை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு பூனைகளைக் குடி வெச்சார் ஹென்ரியெட்டா. அதுவும் நிறைஞ்சுபோக, 1971-ல் இரண்டாவது படகு வந்தது. உதவி பண்ண வாலன்டியர்களும் வந்து சேர்ந்தாங்க. 1987-ல் முறைப்படி அறக்கட்டளையா பதிவு பண்ணினாங்க. டச்சு மொழியில அதுக்குப் பேர் 'பூஸன்போட்'. நம்ம பாஷையில பூனைப் படகு!

2005-ல் ஹென்ரியெட்டா காலமானார். அவர் போனாலும் படகு நிக்கலை. ஏறக்குறைய ஐம்பது பூனைகள் தங்கற அந்த இடத்தை இன்னிக்கும் பெரும்பாலும் தாங்கறது வாலன்டியர்களும், வந்து பார்த்துட்டுப் போறவங்க கொடுக்கற நன்கொடையும்தான். வர்ற பூனைக்கு வைத்தியம் பார்த்து, ஊசி போட்டு, கு.க. ஆபரேஷன் செஞ்சு, அடையாளத்துக்கு மைக்ரோசிப் வெச்சு, நல்ல வீடு பார்த்து அனுப்பறாங்க. மனுஷங்ககிட்ட ஒட்டவே ஒட்டாத சில பூனைகள் மட்டும் படகிலேயே நிரந்தரக் குடித்தனம்!

'நோ கில்'... அப்படின்னா?

வெளிநாட்டுல பல ஊர்கள்ல ஷெல்டர்னா ஒரு பயங்கரமான அர்த்தமும் உண்டு. இடம் நிறைஞ்சா, பழசுக்கு ஊசி போட்டு முடிச்சுட்டு புதுசுக்கு இடம் ஒதுக்கறது. நோயே இல்லாத, நல்லா விளையாடிக்கிட்டிருந்த பிராணிகளும் இடம் இல்லைங்கற ஒரே காரணத்துக்காகச் செத்துப்போச்சு.

'இது சரியில்லை'னு கிளம்பினதுதான் நோ கில் இயக்கம். இதுல 1994 முக்கியமான வருஷம். ரிச்சர்ட் அவன்சினோ தலைமையில இருந்த சான்ஃபிரான்சிஸ்கோ பிராணி நல அமைப்பு, அந்த நகர நிர்வாகத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டது. 'ஆரோக்கியமான நாய், பூனை எதையும் கொல்லாதீங்க. உங்களால வீடு பார்த்துக் கொடுக்க முடியலைன்னா எங்ககிட்ட அனுப்புங்க. நாங்க பார்த்துக்கறோம்.' இதுதான் மேட்டர்.

அதுக்காக எந்தப் பிராணியும் ஷெல்டர்ல சாகவே சாகாதுன்னு அர்த்தம் இல்லை. குணமாகவே வழியில்லாம வலியில துடிக்கற பிராணிக்கு டாக்டர் நிம்மதியான முடிவு கொடுக்கறதை நோ கில் அமைப்புகளும் ஏத்துக்குது. வர்ற நூறுல குறைஞ்சது தொண்ணூறு உயிரோட வெளியே போகணும்கறது அவங்க பொதுவா வெச்சிருக்கற அளவுகோல்.

பலன் இருக்கா? அமெரிக்காவின் பழைய பிராணிகள் நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ.வின் மதிப்பீட்டின்படி, 2011-ல் அந்த நாட்டு ஷெல்டர்களில் கொல்லப்பட்ட நாய், பூனைகள் சுமார் 26 லட்சம். 2019-ல் அது சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம். இன்னமும் பெரிய எண்ணிக்கைதான். ஆனா இறங்குமுகம்!

மறுபடியும் தொட்டிக் கணக்கு!

'கொல்ல மாட்டோம்'னு போர்டு எழுதி மாட்டறது சுலபம். நடத்திக் காட்டறதுதான் கஷ்டம். ஏன்னு கேட்கறீங்களா? எட்டாங்கிளாஸ்ல நம்மளை அழவெச்ச தொட்டிக் கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரு குழாய்ல தண்ணி வருது, இன்னொரு குழாய்ல போகுது, தொட்டி எப்போ நிரம்பும்? பூனைக் காப்பகமும் அதே கணக்குதான்.

ஐம்பது பூனை தங்கற ஒரு இடத்துல இப்போ முப்பது இருக்குன்னு வெச்சுக்குவோம். வாரத்துக்கு எட்டு வருது, அஞ்சு தத்துப் போகுது. வாரம் மூணு மிச்சம். ஏழாவது வாரம் ஹவுஸ்ஃபுல்! எட்டாவது வாரம் ஒருத்தர் அட்டைப்பெட்டியில அஞ்சு குட்டியோட வந்து, 'நீங்க எடுத்துக்கலைன்னா ரோட்டுலதான் விடணும்'னு கண் கலங்கினா?

இங்கேதான் நல்ல மனசு உள்ளவங்களே சறுக்கறாங்க. 'சரி, இன்னும் அஞ்சுதானே?'னு வாங்கிப்பாங்க. ஐம்பது எழுபதாகும், எழுபது நூறாகும். நெருக்கத்துல பூனைக்குப் பூனை ஜலதோஷம் பரவும். அப்புறம் பார்வோ. பூனைகளோட பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் ஒரு வருஷம்கூட உயிரோட ஒட்டிக்கிட்டிருக்கும். தடுப்பூசி போடாத ஒரே ஒரு குட்டியால வார்டே காலியான கதைகள் இந்த உலகத்துல நிறைய. ஊசியே போடாம, கொல்ல மாட்டோம்னு சொன்ன இடத்திலேயே கொத்துக் கொத்தா சாவு.

அதனால நோ கில் ஷெல்டர் நடத்தறவங்க கத்துக்க வேண்டிய கஷ்டமான வார்த்தை, 'இப்போ இடம் இல்லீங்க'. அதைச் சொல்லிட்டு கதவைச் சாத்திடாம, வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் எழுதி, 'ரெண்டு வாரம் நீங்களே வெச்சிருங்க, பால் பவுடர் நாங்க தர்றோம், ஊசி செலவு எங்களோடது'னு சேர்த்துச் சொல்றதுதான் அதுல இருக்கற சாமர்த்தியம்.

மூணு குழாய், மூணு வழி

வர்ற குழாயை அடைக்கணும்: பூனை சினையா இருக்கறது ஒன்பது வாரம்தான். பிறந்த நாலாவது மாசமே பெண்குட்டி கருத்தரிக்கத் தயார். பொங்கலுக்குப் பிறந்த குட்டி ஆடி மாசத்துல அம்மாவா நிக்கும்! குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினையாகிறதும் உண்டு. அதனால கு.க. ஆபரேஷன் பண்ணாம எத்தனை பூனையைக் காப்பாத்தினாலும் ஓட்டை வாளியில தண்ணி இறைக்கற கதைதான். தெருப்பூனைகளைக் கூண்டு வெச்சுப் பிடிச்சு, ஆபரேஷன் பண்ணி, அடையாளத்துக்குக் காது நுனியில கொஞ்சம் கத்தரிச்சு, பிடிச்ச இடத்திலேயே விட்டுடுவாங்க. காது நுனி வெட்டின பூனையைப் பார்த்தா பரிதாபப்படாதீங்க. அது ஆபரேஷன் ஆன 'சர்ட்டிஃபிகேட்'!

போற குழாயைப் பெருசாக்கணும்: அதாவது தத்து. பூனை சராசரியா 12 முதல் 15 வருஷம் வாழும். இருபதைத் தொடறதும் இருக்கு. அதனால தத்து கேட்கறவங்களுக்குச் சின்னதா ஒரு இன்டர்வியூ. வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா? வாடகை வீடா, ஓனர் ஒத்துக்கிட்டாரா? மூணாவது மாடின்னா பால்கனிக்கு வலை இருக்கா? ஊருக்குப் போனா யார் சோறு வைப்பா? வேலை கேட்டுப் போறப்ப கேட்கற கேள்வியைவிட இது கொஞ்சம் டெரர்தான். ஆனா மூணு மாசத்துல திரும்பி வர்ற பூனையோட முகத்தைப் பார்த்தவங்க கேட்காம விட மாட்டாங்க.

தொட்டியைப் பெருசாக்கணும்: புதுசா கட்டடம் கட்ட வேண்டாம். கொஞ்ச நாளைக்கு மட்டும் பூனையை வீட்டுல வெச்சுப் பார்த்துக்கற ஆட்கள் கிடைச்சா போதும். ஃபாஸ்டர் வீடுன்னு பேர். கண் திறக்காத குட்டிகளுக்கு இது உயிர். ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் ராத்திரியிலும் பால் கொடுக்கணும். தானா ஒண்ணுக்குப் போகக்கூடத் தெரியாது. தாய் நக்கி விடற மாதிரி ஈரப் பஞ்சால துடைச்சு விடணும். எக்ஸாமுக்குக் கண்முழிக்கறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி!

காலை ஏழு மணி ஷிஃப்ட்

பூனைக் காப்பகத்துல வாலன்டியர்னா நாள் பூரா பூனையை மடியில வெச்சுக் கொஞ்சலாம்னு நினைச்சா... ஸாரி! முதல் வேலை, மணல் ட்ரே அள்ளறது. அதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல குட்டிகள், அடுத்து ஆரோக்கியமானதுகள், கடைசியாத்தான் நோயாளிகள். வரிசையை மாத்தினா உங்க கையே நோயைக் கொண்டு போயிடும். புதுசா வந்த பூனை ரெண்டு வாரம் தனி ரூம்ல.

அடுத்தது நோட்டு. யார் சாப்பிட்டாங்க, யார் மிச்சம் வெச்சாங்க, யாருக்கு வயிறு சரியில்லைன்னு எழுதணும். பூனை வலியை வெளியே காட்டிக்காது. ரெண்டு நாள் சாப்பிடலைன்னாலே ஈரல் கெட்டுப்போற ஆபத்து இருக்கு. அதனால 'நேத்து சாப்பிட்டானா?'ங்கற கேள்விக்கு நோட்டுல பதில் இருந்தாகணும்.

பெரிய தலைவலி வேற ஒண்ணு. சம்பளம் இல்லாத வேலைக்கு ஆர்வமா வர்ற முப்பது பேர்ல, மழை பெய்யற ஞாயித்துக்கிழமை காலையில எத்தனை பேர் வருவாங்க? பூனைக்கு செமஸ்டர் லீவு கிடையாதே! அதனால நல்லா நடக்கற இடங்கள்ல 'முடிஞ்சப்போ வாங்க'னு சொல்றதில்லை. 'செவ்வாய் காலை ஏழு டு ஒன்பது உங்களுது. வர முடியலைன்னா மாத்து ஆளை நீங்களே சொல்லணும்'. அவ்வளவு கறார்.

ஹாஸ்டல்வாசிகள் கவனத்துக்கு...

இப்போ நம்ம மேட்டருக்கு வருவோம். ஹாஸ்டல் ரூம்ல ரகசியமா ஒரு குட்டியை வளர்த்து, பேர் வெச்சு, கேக் வெட்டிக் கொண்டாடி... ஃபைனல் இயர் முடிஞ்சதும் ட்ரங்க் பெட்டியோட ஆட்டோ ஏறிப் போயிடறோம். அது அதே ரூம் வாசல்ல உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கிட்டே இருக்கும். மனுஷனை நம்பிப் பழகின பூனையை விட்டுட்டுப் போறது, தெருப்பூனையைக் கண்டுக்காம போறதைவிடக் கொடுமை. போதாக்குறைக்கு, வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகற மாதிரி கைவிடறது 1960-ம் வருஷத்து மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட!

அதனால 'வேணவே வேணாம்'னு சொல்லலை. ஒரு கேம்பஸ், அஞ்சு ஃப்ரெண்ட்ஸ், ஒரு நோட்டு... இது போதும் ஆரம்பிக்கறதுக்கு. ஜூனியர்ஸ்கிட்ட நோட்ஸ் கொடுத்துட்டுப் போற மாதிரி, பூனை நோட்டையும் ஒப்படைச்சுட்டுப் போங்க. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* கேம்பஸ்ல எத்தனை பூனை, எது ஆண், எது பெண், எதுக்கு ஆபரேஷன் ஆச்சுன்னு லிஸ்ட் எடுங்க. மூணு கலர் கலந்த பூனைன்னா கண்ணை மூடிக்கிட்டு பெண்ணுன்னு எழுதலாம், ஏறக்குறைய எப்பவும் சரியா இருக்கும்!

* சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு... இங்கெல்லாம் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. 1959-ல் கேப்டன் சுந்தரம் சென்னையில ஆரம்பிச்ச ப்ளூ கிராஸ் மாதிரி அமைப்புகளும் இருக்கு. ஆபரேஷனுக்கும் தடுப்பூசிக்கும் முன்கூட்டியே விசாரிச்சுட்டுப் போங்க.

* குட்டி தனியா கிடந்தா உடனே தூக்கிடாதீங்க. அம்மா இரை தேடப் போயிருக்கலாம். ஆபத்தான இடமா இல்லைன்னா கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பாருங்க.

* அம்மா வரவே இல்லையா? முதல்ல துணியில சுத்திச் சூடு பண்ணுங்க, அப்புறம்தான் பால். உடம்பு சில்லுனு இருக்கற குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பாலும் ஒத்துக்காது. பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு. குப்புற வெச்சுக் கொடுக்கணும், மல்லாத்தி இல்லை.

* காய்ச்சல்னு பாரசிட்டமால் கொடுத்துடாதீங்க. ஒரே ஒரு மாத்திரை பூனை உயிரையே குடிச்சுடும்.

* கடிச்சாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட. 'சின்னக் கீறல்தானே'ங்கற ஹீரோயிஸம் வேணாம்.

ஆம்ஸ்டர்டாம் அம்மாவும் 1966-ல் பெரிய திட்டம் எல்லாம் போட்டு ஆரம்பிக்கலை. எதிர்ல தெரிஞ்ச ஒரு பூனையைப் பார்க்காத மாதிரி போக அவரால முடியலை, அவ்வளவுதான். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடாதுன்னு சொல்வாங்க. நாம கண்ணை மூடிக்கிட்டா கேன்டீன் பூனையும் காணாம போயிடாது. அடுத்த செமஸ்டர்ல குடும்பத்தோட வந்து நிக்கும்!

அதுக்கு முன்னாடி முதல் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுடலாமா? மதில் மேல் பூனையா யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க... குதிங்க பாஸ்!