கோடையும் வேட்டையும்

வேட்டை என்றவுடன் ஓட்டமும் துரத்தலுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கதைகளில் வரும் அரசகுமாரன் மானைத் துரத்திக்கொண்டு குதிரைமீது வெகுதூரம் செல்வான், பரிவாரத்தைப் பிரிவான், தாகத்தால் வருந்தி இறுதியில் ஒரு தடாகத்தை அடைவான். கதைக்கு அது பொருந்தும். ஆனால் நாம் பிழைப்பை நாடிக் குடியேறியிருக்கும் இந்த நாகபுரி, ஜபல்பூர் வட்டாரக் காடுகளில், சித்திரை வைகாசியில் எவனேனும் அவ்வாறு புறப்பட்டால், மானைக் காணுமுன் அவனே சுருண்டு விழுவான். வெயில் 45 டிகிரியைத் தொடும் நண்பகலில் இக்காடுகளில் இலைகூட அசைவதில்லை. மான் நிழலை விட்டு வாராது. புலி இருந்த இடம் பெயராது.

நடமாடாத விலங்கை வேட்டையாடுவது எங்ஙனம்? மத்திய இந்தியாவின் பழைய வேட்டைக்காரர்கள் இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை கண்டு வைத்திருந்தனர். அரசகுமாரன் கடைசியில் சென்றடைந்த தடாகத்துக்கு, வேட்டைக்காரன் முதலிலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவ்விடை.

இதை நாம் எழுதுவது யாரையும் வேட்டைக்கு அனுப்பும் பொருட்டன்று. நாடெங்கும் புலிவேட்டை 1970-இல் தடை செய்யப்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடை விடுமுறையில் கான்ஹாவுக்கும் பெஞ்சுக்கும் தடோபாவுக்கும் செல்லும் குடும்பங்கள் நம் சங்கத்தில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. "இந்த வெயிலில் ஊட்டிக்குப் போகாமல் காட்டுக்கா போவார்கள்?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தக்க விடை பழைய வேட்டைக்காரர்களிடம்தான் இருக்கிறது.

நம் முன்னோருக்கு இப்பருவம் புதிதன்று. பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் தொல்காப்பியர் பொழுதாக வகுத்தார். காடு வற்றிக் காய்ந்து உயிர்கள் ஒடுங்கும் வேளை அது. இங்கே தேக்குமரங்கள் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு நிற்கும். கீழே அப்பளம்போல் காய்ந்த சருகு ஒரு சாண் உயரம் கிடக்கும். அதன்மேல் பூனை நடந்தாலும் ஓசை கேட்கும். மனிதன் பூட்ஸ் காலோடு நடப்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே பதுங்கிப் பின்தொடர்தல் என்னும் குளிர்கால முறை கோடையில் பயன்படாது.

ஆனால் வேட்டைக்காரனின் ஓசையைக் காட்டிக்கொடுக்கும் அதே கோடை, விலங்கின் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. பெஞ்ச் ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முடிவதற்குள் அதன் ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆங்காங்கே 'தோஹ்' என இவ்வட்டார மக்கள் வழங்கும் மடுக்கள் மட்டும் எஞ்சுகின்றன. மழைக்காலத்தில் நூறு இடங்களில் நீர் குடித்த விலங்குகளுக்கு இப்போது நாலைந்து இடங்களே கதி. புள்ளிமான் நாள்தோறும் நீர் அருந்தியாக வேண்டும். காட்டுப்பன்றிக்கு வியர்த்து உடல் தணியும் வசதி இல்லை. சேற்றில் புரண்டால்தான் உண்டு. நீலகாயும் சிங்காரா மானும் மட்டும் சில நாட்கள் நீரின்றித் தாங்கும் உடலமைப்புப் பெற்றவை. புலியோ நாயைப்போல் வாய் திறந்து இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். அது போதாதபோது குட்டையில் இறங்கிக் கழுத்தளவு நீரில் கிடக்கும். இறங்கும்போதும் முகம் நனையாதபடி பின்புறமாகவே இறங்கும் என்பது காண்போர்க்கு வேடிக்கை. காவிரிப் படித்துறையில் தலை நனைக்க அஞ்சும் குழந்தைகளை அது நமக்கு நினைவூட்டுகிறது.

குளிர்காலத்தில் ஒரே இரவில் பல மைல் அலையும் அப்புலி, கோடையில் நீருக்கும் நிழலுக்கும் அருகிலேயே நாளைக் கழிக்கிறது. நாவல் மரங்கள் அடர்ந்த ஓடைக்கரை, மூங்கில் புதர், மலையிடுக்குக் குகை ஆகியவற்றுள் ஒன்றில் அது படுத்திருக்கும். வேட்டைக்காரன் அதிகாலையில் புழுதிப் பாதைகளைப் பார்த்துவருவான். நீரை நோக்கிச் சென்ற கால்தடம் திரும்பி வராவிட்டால் புலி உள்ளேதான் இருக்கிறது என்று கொள்வான். பின்னர் எருமைக்கன்று ஒன்றை அவ்விடத்துக்கு அருகில் கட்டுவிப்பான். கன்று கட்டும் இடத்தில்தான் அவன் கணக்கு அடங்கியிருந்தது. நீரும் நிழலும் இல்லாத இடத்தில் கட்டினால், புலி கொன்று தின்றுவிட்டுத் தாகத்துக்காகத் தொலைவில் போய்விடும். இரண்டும் பக்கத்திலேயே இருந்தால், உண்ட மயக்கத்தில் அங்கேயே உறங்கும்.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஒருவரும் அசைவதில்லை. காலை எட்டு மணிக்குக் கலைத்தால் புலி எத்திசையிலும் ஓடக்கூடும். நண்பகலில் பாறையும் மணலும் கொதிக்கும்போது, வெட்டவெளியைக் கடக்க அது மனங்கொள்ளாது. நிழலுள்ள ஓடை வழியாகவே மெல்ல நகரும். அவ்வழியில் ஒரு மரத்தின்மேல் துப்பாக்கியோடு துரை அமர்ந்திருப்பார். மறுபுறத்திலிருந்து கோண்டு, பைகா மக்கள் வரிசையாக வந்து மரங்களைக் கோடரிக் காம்பால் தட்டுவார்கள். 'ஹாங்கா' என்பது இதன் பெயர். தாரை தப்பட்டையோடு கூச்சலிட்டு வருவது திரைப்படத்துக்கு ஆகும். கோடை ஹாங்காவில் ஓசை குறையக் குறையப் புலி பதறாமல் நடந்து வரும் என்பதே அனுபவசாலிகளின் துணிபு.

நாம் முன்பு பணிபுரிந்த ஒரு சிறு நிலையத்தில் கீமேனாக இருந்து ஓய்வுபெற்ற கோண்டு முதியவர் ஒருவர், சிறுவயதில் தந்தையோடு இத்தகைய ஹாங்காக்களில் நடந்தவர். ஆளுக்கு எட்டணாக் கூலி என்றார். வரிசையில் பேசக்கூடாது, இருமக்கூடாது, பக்கத்து ஆளைப் பார்வையிலிருந்து விடக்கூடாது. குண்டடிபட்ட புலி திரும்பினால் அது முதலில் காண்பது தரையில் நிற்கும் அந்த எட்டணா ஆளைத்தான். "மரத்தின் மேலே துப்பாக்கி இருந்தது, கீழே எங்களிடம் தடி இருந்தது" என்றார் அவர். வேட்டை நூல்களில் துரையின் வீரம் பக்கம் பக்கமாக வருகிறது. தடிபிடித்தவன் பெயர் தேடினாலும் அகப்படுவதில்லை.

ஹாங்காவுக்கு ஆளும் பணமும் வேண்டும். அவை இல்லாதவன் நீர்க்கரையில் காத்திருப்பான். அவன் அமரும் பரணை இங்குள்ளோர் 'மச்சான்' என்பர். புதிதாக இங்கு மாற்றலாகி வந்த நம்மவர், "மச்சான் மேல் ஏறி உட்காருங்கள்" என்று வனக்காவலர் சொல்லக் கேட்டுத் திகைப்பது உண்டு. அது உறவுமுறையன்று, நம் தினைப்புனத்துப் பரண்தான்.

பரணில் அமர்வதற்கும் கணக்கு உண்டு. முதலாவது காற்று. பகலில் சூடேறிய காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறும். கதிர் சாய்ந்ததும் குளிர்ந்து கனத்து, ஓடை வழியே பள்ளத்துக்கு இறங்கும். மேட்டுக் காட்டிலிருந்து விலங்கு இறங்கி வருமென எதிர்பார்த்து மாலையில் அமர்பவன் தாழ்ந்த புறத்தில் இருக்க வேண்டும். இடத்தை மாற்றி அமர்ந்தால் அவன் வாடையைக் காற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். விடியும்வரை கொசுவுக்கு இரத்த தானம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இரண்டாவது நேரம். விலங்குகள் அசையத் தொடங்குமுன், வெயில் தணியாதபோதே, ஏறிவிட வேண்டும். மூன்றாவது, நீரின் விளிம்பிலேயே அமராமை. நீரருகே வரும் விலங்கு அடிக்கொருமுறை நின்று மோப்பம் பிடிக்கும்; வரும் பாதையில் அத்தனை ஐயம் அதற்கு இராது.

முதலில் பறவைகள் வரும். மயில் ஒன்று நெடுநேரம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கும். அதன்பின் புள்ளிமான் கூட்டம். மரத்தின்மேல் கருமுக முசுக்கள் காவலிருந்தால் மான்களுக்குத் தைரியம். இருள் கவிந்தபின் பன்றியும் கடமானும். நம்மூர் இலுப்பைக்கு இனமான மஹுவா பூவுதிர்க்கும் காலமாயின், அதைப் பொறுக்கித் தின்ற கரடியும் நீருக்கு வரும். திடீரென்று முசு இருமுவதுபோல் குரைக்கும். கடமான் ஒருமுறை உரத்துக் குரலெழுப்பும். அத்துடன் காடு அடங்கிவிடும். அப்போது வருவது யார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தனை நுட்பமும் சேர்ந்து கோடை வேட்டையைக் கொலைத்தொழிலாக எளிதாக்கிவிட்டன என்பதே நம் கருத்து. குளிர்காலக் காட்டில் விலங்குக்கு ஓடித் தப்பும் வாய்ப்பு இருந்தது. கோடையில் தாகத்துக்கு அஞ்சி நீருக்கு வந்தால் குண்டு. குண்டுக்கு அஞ்சி நின்றால் தாகம். நீர்த்துறையில் காத்திருந்து எய்வதன் பாவத்தை நம் நாடு முன்னமே அறியும். இருளில் நீர் மொள்ளும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசையென்று கருதித் தசரதன் விட்ட அம்பு முனிகுமாரனின் உயிரைக் குடித்ததன்றோ? சர்குஜா மகாராஜா 1965-இல் ஜார்ஜ் ஷாலர் என்னும் ஆராய்ச்சியாளருக்கு எழுதிய கடிதத்தில், தாம் சுட்ட புலிகளின் தொகை 1150 எனக் குறித்து, மணியார்டர் பாரத்தில் எழுதுவதுபோல் எழுத்தாலும் எழுதி 'மட்டும்' என்றும் சேர்த்திருந்தார்! 2006-இல் நாடு முழுவதும் எஞ்சியவையாக மதிப்பிடப்பட்ட புலிகள் 1411 என்பதை அத்தொகையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். உரிமம் பெற்ற வேட்டை சிறிதளவு அனுமதிக்கப்பட்டிருந்த அந்நாளிலும், நீர்நிலையிலும், உவர்மண் நக்கும் இடத்திலும், அவற்றுக்குச் செல்லும் பாதையிலும் விலங்கைச் சுடலாகாது என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு விலக்கியது. கதிர் மறைவுக்கும் உதயத்துக்கும் இடையே வேட்டையாடுவதும் விலக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உரிம முறையே ஒழிந்தபின், அப்பிரிவுக்கும் வேலையில்லாது போயிற்று.

வேட்டைக்காரன் போனான், அவன் கணக்கு போகவில்லை. கள்ளவேட்டைக்காரனும் அதையே பயில்கிறான். அவனுக்குத் துப்பாக்கியும் வேண்டாம். நீர் சுருங்கிய குட்டையில் பூச்சிமருந்தோ யூரியாவோ கலந்தால் போதும். குடித்தவை யாவும் மடியும். நீருக்குச் செல்லும் பாதையில் இரும்புப் பொறி புதைப்பவனும் உண்டு. ஆகவேதான் வனக்காவலர்களுக்கு மே மாதமே கடுமையான மாதம். ஊரெல்லாம் கதவடைத்துக் கூலர் முன் அமர்ந்திருக்கும் நண்பகலில், அவர்கள் மடு மடுவாக நடந்து, நீரில் மீன் செத்து மிதக்கிறதா, கரையில் பறவை விழுந்து கிடக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள். பழைய துரை புலியின் தடத்தைத் தேடிய அதே புழுதியில் இவர்கள் மனிதத் தடத்தைத் தேடுகிறார்கள். இவர்களுள் எத்தனையோ பேர் அன்று ஹாங்காவில் தடி பிடித்தவர்களின் மக்களும் பேரர்களும் ஆவர்.

வனத்துறையார் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி லாரியிலும், சூரிய ஒளியால் இயங்கும் பம்புகளாலும் நீர் நிரப்புகின்றனர். இது நற்பணியே, எனினும் அளவு வேண்டும். நீர் கிடைத்த இடமெல்லாம் விலங்கு தங்கினால், கோடையில் ஓய்ந்து தழைக்க வேண்டிய புல் அடியோடு மேயப்பட்டுவிடும். கணக்கெடுப்பும் முன்பு நீர்க்கரையிலேயே நடந்தது. வைகாசிப் பௌர்ணமியில் மச்சானில் அமர்ந்து எண்ணும் அவ்வழக்கம் மகாராஷ்டிரக் காடுகளில் பொதுமக்கள் காட்டை அறியும் நிகழ்ச்சியாக நடந்து வருகிறது. புலிகளின் மெய்யான மதிப்பீட்டுக்குத் தானியங்கிக் காமிராக்கள் வந்துவிட்டன. காட்டுப்பாதையில் கம்பி கட்டி, புலியே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளச் செய்த சாம்பியன் என்னும் வன அதிகாரி, 1927-இலேயே அப்படங்களை நூலாக வெளியிட்டு வழிகாட்டினார். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் புலிகள் 3682 ஆயின.

இவ்வாண்டு செல்லவிருக்கும் நம் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். விடியற்காலைப் பயணத்தையே தேர்ந்துகொள்ளுங்கள். வெண்ணிறமும் பளிச்சென்ற நிறங்களும் வேண்டாம். மல்லிகையையும் அத்தரையும் வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள். மடுவருகே வந்தால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, நீருக்கும் விலங்குக்கும் இடையே வண்டியை நிறுத்த ஓட்டுநரை ஏவாதீர்கள். படம் நன்றாக வரலாம். ஆனால் ஒரு மணி நேரம் மரத்தடியில் தயங்கி நின்று, குட்டியோடு நீர் அருந்தாமல் திரும்பிப்போகும் மானை நாம் கண்டிருக்கிறோம். பத்து வண்டிகள் வளைத்து நின்ற குட்டைக்கும் துரை அமர்ந்திருந்த குட்டைக்கும் அந்த மானுக்கு என்ன வேறுபாடு தெரியும்?

ஜூன் இறுதிவரை உட்காடு திறந்திருக்கும். ஆனால் அதுவரை காத்திருத்தல் வேண்டாம். ஜூன் நடுவில் முதல் மழை பெய்துவிட்டால் ஓடைதோறும் நீர் தேங்கும். விலங்குகள் மடுக்களை விட்டுக் காடெங்கும் பரவிவிடும். அதன்பின் நீர்க்கரையில் காத்திருப்பவர் கண்ணுக்குத் தவளைகளே தட்டுப்படும்.