சாவியில்லாக் கதவு

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம். உருக்காலைகள் உள்ளிட்ட பல ஆலைகள் அங்கே இயங்குகின்றன. இத்தகைய ஆலைகளின் அலுவலகங்களிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் இப்பொழுது சாவியில்லாக் கதவுகளைக் காணலாம். தொழிலாளி ஓர் அட்டையைச் சுவரிலுள்ள பெட்டியருகே காட்டுகிறார், கதவு திறக்கிறது. அட்டைக்குள் மின்கலம் ஏதும் இல்லை. பின் எவ்வாறு அது வேலை செய்கிறது?

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. சுவர்ப் பெட்டிக்குள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. பலவகைக் கருவிகளில் அதன் வழியே நொடிக்கு 1,25,000 அதிர்வுகள் கொண்ட மாறுமின்னோட்டம் பாய்கிறது. அட்டைக்குள் மற்றொரு சுருளும் கடுகளவு சில்லும் உள்ளன. அட்டை அருகில் வந்ததும் அதன் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்தச் சிறிதளவு ஆற்றலைக் கொண்டே சில்லு தன் எண்ணைத் தெரிவித்துவிடுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி அவ்வெண்ணைத் தன் பட்டியலுடன் ஒப்பிடுகிறது. பொருந்தினால், ரிலே ஒன்று பூட்டின் மின்னோட்டத்தைச் சில நொடிகள் துண்டிக்கிறது.

துண்டித்தால் எப்படித் திறக்கும் என்று கேட்கலாம். இப்பூட்டு ஒரு மின்காந்தம் ஆகும். அது நிலையில் பொருத்தப்பட்டிருக்கும். கதவில் இரும்புத் தகடு இருக்கும். மின்னோட்டம் பாயும்வரை காந்தம் தகட்டைப் பற்றிக்கொள்ளும். சாதாரண வகையே சுமார் 270 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைத் தாங்கும். ஆனால் இரண்டிற்கும் இடையே சிறிது இடைவெளி விழுந்தாலும் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எனவே இரும்புத் தூசி பறக்கும் ஆலைகளில் காந்தத்தின் முகத்தை அடிக்கடி துடைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் கதவு தானே திறந்துவிடுமே! இதைத் தடுக்க 12 வோல்ட் பாட்டரி வைக்கிறார்கள். பூட்டுக்கு அரை ஆம்பியர் தேவை, பாட்டரியின் கொள்ளளவு 7 ஆம்பியர்-மணி எனக் கொண்டால், கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் இது குறையும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. தீப்பிடித்து மின்சாரம் நின்றபின்னும் பாட்டரி கதவை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். 1911இல் நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பற்றியபோது 146 பேர் மாண்டனர். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது அதற்கு முக்கிய காரணம். நம் நாட்டில் 1948இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டமும், உள்ளே ஆள் இருக்கையில் வெளியேறும் கதவை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டலாகாது என விதித்தது.

ஆகவே தீ எச்சரிக்கைக் கருவி, பாட்டரியிலிருந்து பூட்டுக்கு வரும் மின்னோட்டத்தையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். கதவின் உட்புறத்தில் அவசரப் பொத்தானும் தேவை. அது கட்டுப்பாட்டுக் கருவியை நம்பியிராமல், பூட்டின் மின்சுற்றை நேரடியாக முறிக்க வேண்டும். பாட்டரி இணைப்பில் இருக்கும்போதே எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்து, கதவைத் தள்ளிப் பார்ப்பதே சரியான சோதனை. திறந்தால்தான் அது நல்ல பூட்டு.