சொடுக்கிக் கட்டியதை யார் மீட்டுக் கட்டுவது?

“மகள் என்ன வேலை பார்க்கிறாள்?”

கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, லூர்து மாதா தேவாலயப் பெருநாளோ, சிலிபின் வட்டாரத்தில் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டாக்டர், ஆசிரியர், வங்கி என்றால் ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். “மெஷின் லேர்னிங் மாடலை கிளவுட்ல டிப்ளாய் பண்றா” என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பல வீடுகளில் பெற்றோருக்கே பாதிதான் புரிகிறது.

என் சித்தி மகள் இந்த வேலையில்தான் இருக்கிறாள். சிலிபின் வீட்டு மாடி அறையில் இருந்தபடியே கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறாள். குரலை எழுத்தாக்கும் மாடல்கள் அவள் பொறுப்பு. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு இந்தத் துறையில் இயல்பாகவே ஆர்வம் உண்டு. அவளிடம் கேட்டதையும், தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

மாடல் சின்னது, சமையல்கட்டு பெரியது

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் ‘விஸ்பர்’ என்ற மாடலை வெளியிட்டது. 680,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகிய மாடல் அது. தமிழும் அதற்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சென்னை ஐஐடியின் ‘ஏஐ ஃபார் பாரத்’ குழு 2023இல் வெளியிட்ட ‘இண்டிக்டிரான்ஸ்2’ மொழிபெயர்ப்பு மாடலும் அப்படித்தான். இந்திய அரசியலமைப்பின் 22 அட்டவணை மொழிகளை அது கையாளுகிறது.

ஆக, நல்ல மாடல் கிடைப்பது இன்று பெரிய விஷயமில்லை. மடிக்கணினியில் ஒருவருக்கு ஓடுவதை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி செய்வதுதான் பெரிய வேலை. அதற்கு ஜிபியு உள்ள கணினி, மாடல் கோப்பை வைக்கும் கிடங்கு, வலையமைப்பு, யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிகள், கூட்டம் வந்தால் கூடுதல் கணினியைத் தானே சேர்க்கும் ஏற்பாடு, பழுதானால் எச்சரிக்கும் மணி என்று எல்லாமே வேண்டும். கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் படம் போட்டே காட்டியது. நடுவில் மாடலுக்கான நிரல் ஒரு குட்டிப் பெட்டி. அதைச் சுற்றி நிற்கும் மற்ற பெட்டிகள் எல்லாம் அதைவிடப் பெரியவை.

இந்தப் பெரிய பெட்டிகளைக் கட்ட இரண்டு வழிகள் உண்டு. கிளவுட் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நுழைந்து, பொத்தானைச் சொடுக்கிச் சொடுக்கிக் கட்டலாம். அல்லது, என்னென்ன வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பைப் படித்துக் கணினியே கட்டும்படி விடலாம். இரண்டாவது வழிக்குப் பெயர் ‘இன்ஃப்ராஸ்டிரக்சர் ஆஸ் கோட்’. உள்கட்டமைப்பை நிரலாக எழுதுவது என்று சொல்லலாம்.

முறுக்கும் குறிப்பேடும்

“இது எதுக்குன்னு எனக்கு முதல் வேலையிலதான்க்கா புரிஞ்சது” என்றாள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே மூத்த பொறியாளர் ஒருவர் எல்லாவற்றையும் சொடுக்கியே கட்டியிருந்தாராம். நன்றாகத்தான் ஓடியது. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, புதிய வாடிக்கையாளருக்காக அதே அமைப்பை இன்னொன்று கட்ட வேண்டி வந்தது. எந்த அளவு கணினி, எந்த அனுமதி, எந்தக் கதவு திறந்திருந்தது, எதுவும் எங்கேயும் எழுதப்படவில்லை. நான்கு பேர் பதினொரு நாள் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள்.

“எழுதி வைக்கலைன்னா, அது அவங்க தலையோட போயிடும்க்கா.”

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஈப்போவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் புந்தோங் கச்சாங் பூத்தே கிராமத்தில் பை பையாக முறுக்கும் கடலையும் வாங்கிப் போகிறார்கள். அந்த முறுக்கின் ருசி கைப்பக்குவம். பாட்டி இருக்கும்வரை கவலை இல்லை. பாட்டிக்குப் பிறகும் அதே முறுக்கு வேண்டுமென்றால், எத்தனை படி மாவு, எவ்வளவு உப்பு, எண்ணெய் எந்தச் சூட்டில் என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். குறிப்பு இருந்தால் பேத்தியும் சுடலாம், கிள்ளானில் இருக்கும் மருமகளும் சுடலாம்.

கிளவுட் உலகில் இந்தக் குறிப்பை எழுதப் பல கருவிகள் வந்துவிட்டன. அமேசானின் ‘கிளவுட்ஃபார்மேஷன்’ 2011இல் வந்தது. மிட்செல் ஹாஷிமோட்டோ, அர்மோன் தாட்கர் இருவரும் தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் ‘டெராஃபார்ம்’ கருவியை வெளியிட்டது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லாவற்றுக்கும் ஒரே பாணியில் எழுதலாம் என்பதால் அது வேகமாகப் பரவியது. 2023 ஆகஸ்டில் அதன் உரிம விதிகள் இறுக்கப்பட்டன. அதை ஏற்காதவர்கள் பழைய நிரலில் இருந்து கிளை பிரித்து ‘ஓப்பன்டோஃபு’ என்ற கட்டற்ற கருவியை உருவாக்கினார்கள். ஹாஷிகார்ப்பை ஐபிஎம் வாங்கும் நடவடிக்கை 2025 பிப்ரவரியில் முடிந்தது. கருவி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒன்றைக் கற்றவருக்கு மற்றது கடினமில்லை.

தோட்டத்து செக்ரோல்

பேராக் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு செக்ரோல் புத்தகம் நினைவிருக்கும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவார்கள். சம்பளமெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

டெராஃபார்மிலும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. ‘ஸ்டேட்’ என்று பெயர். தான் எதையெதைக் கட்டியிருக்கிறோம் என்பதை அதில் பதிந்துகொள்ளும். நீங்கள் கோப்பை மாற்றி ‘பிளான்’ கட்டளை கொடுத்தால், எழுதியிருப்பதையும் புத்தகத்தில் இருப்பதையும் உண்மையில் கிளவுட்டில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். “இரண்டைப் புதிதாகச் சேர்ப்பேன், ஒன்றை மாற்றுவேன், ஒன்றை அழிப்பேன்” என்று பட்டியல் தரும். அப்போது எதையும் தொடாது. ‘அப்ளை’ என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். இடையில் யாராவது சத்தமில்லாமல் கையால் ஏதாவது மாற்றியிருந்தால், அதுவும் இந்த ஒப்பீட்டில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

“அந்த ‘அழிப்பேன்’ வரியை மட்டும் ரெண்டு தடவை படிப்பேன்க்கா” என்றாள். அவள் குழுவில் ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் பார்த்துச் சம்மதிக்காமல் எதுவும் மேலே போகாது.

ஒன்று விட்டுப்போனால்

“ஏம்மா, இவ்வளவு கெடுபிடி தேவையா?” என்று கேட்டேன். அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னாள். நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனத்துக்கு எட்டு சர்வர்கள். புதிய நிரலை ஒருவர் கையால் ஏற்றியபோது ஏழில் ஏற்றினார், எட்டாவது விட்டுப்போனது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி சந்தை திறந்ததும், அந்த ஒரு சர்வரில் கிடந்த பழைய நிரல் தாறுமாறாக ஆர்டர் போடத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கும் மேல் நட்டம். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

நம் பெற்றோருக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. நம் ஊழியர் சேமநிதி போல, ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரின் ஓய்வுக்காலப் பணத்தை நிர்வகிக்கும் ‘யூனிசூப்பர்’ நிதியத்தின் கணினி அமைப்பு திடீரென்று காணாமல் போனது. உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. காரணத்தைக் கூகுளே பின்னர் விளக்கியது. தொடக்கத்தில் அமைப்பைக் கட்டியபோது, கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு விவரம் காலியாக விடப்பட்டிருந்தது. அதனால் அந்த அமைப்புக்குத் தானாகவே ஓராண்டுக் கெடு விழுந்தது. கெடு முடிந்ததும் கருவி தன் கடமையைச் செய்து அழித்துவிட்டது. வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. உறுப்பினர்களின் பணத்துக்குச் சேதமில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. கையால் செய்தால் எட்டில் ஒன்று விட்டுப்போகலாம். கருவியால் செய்தால், குறிப்பில் உள்ள ஓட்டை அப்படியே ஒழுங்காக நிறைவேறும். உப்பு இருமடங்கு என்று தவறாக எழுதினால், அன்று சுடும் அத்தனை முறுக்கும் கரிக்கும். ஆகவே குறிப்பும் வேண்டும், அதைப் படித்துப் பார்க்கும் இரண்டாவது கண்ணும் வேண்டும், வேறிடத்தில் ஒரு நகலும் வேண்டும்.

மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்

மாடல் விஷயத்தில் இன்னொரு செலவும் உண்டு. ஜிபியு கணினிக்கு மணிக்கணக்கில் வாடகை. மணிக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். அணைக்க மறந்தால் 30 நாளில் 720 டாலர், அதாவது மூவாயிரம் வெள்ளியை நெருங்கும் தொகை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. யாரும் பயன்படுத்தாத ஒரு கணினி, ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைவிட அதிகம் தின்றுவிடும்.

சொடுக்கிக் கட்டியவர் எதையெல்லாம் கட்டினோம் என்று தேடித் தேடி அணைக்க வேண்டும். கோப்பில் எழுதியவர் சோதனை முடிந்ததும் ஒரே கட்டளையில் அத்தனையையும் கலைத்துவிடலாம். மறுநாள் அதே கோப்பால் மறுபடி கட்டலாம்.

நம் மண்ணில் சர்வர், நம் நாவில் தமிழ்

அமேசானின் கிளவுட் பிரிவு 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் தரவு மையத் தொகுதியைத் திறந்தது. 2038க்குள் 6.2 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு என்பது அதன் அறிவிப்பு. மைக்ரோசாஃப்டின் மலேசியத் தொகுதி 2025இல் செயல்பாட்டுக்கு வந்தது. முன்பு சிங்கப்பூரில் இயங்கிய ஒன்றை இங்கே கொண்டுவர, நன்றாக எழுதப்பட்ட கோப்பில் இடத்தின் பெயர் உள்ள வரியை மாற்றி மீண்டும் கட்டலாம். தேவையான கணினி வகை இங்கே கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தரவைத் தனியாக நகர்த்தவும் வேண்டும். வாடிக்கையாளரின் குரல் நாட்டைத் தாண்டக்கூடாது என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் கோப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது மாடலைத் திருத்தாது. “பசியாறியாச்சா?”, “பாசாருக்குப் போய்ட்டு வரேன்” என்று நாம் பேசும் தமிழை மாடல் பிழையாகக் கேட்டால், அந்தப் பிழையும் ஆயிரம் பேருக்கு ஒரே வேகத்தில் போய்ச் சேரும். மலேசியத் தமிழ்க் குரல்களைத் திரட்டி, பழக்கி, சோதிப்பது தனி வேலை. அதை நமக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். அந்த வேலை நடந்து புதிய பதிப்பு வந்தால், கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றி ஏற்றலாம். சரிவரவில்லை என்றால் பழைய எண்ணுக்கே திரும்பலாம்.

கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு

ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக், கம்பார் யூடார், ஸ்ரீ இஸ்கண்டார் யூடிபி என்று பேராக்கிலேயே கணினி படிக்கும் பிள்ளைகள் நிறைய. என் தங்கை அவர்களுக்குச் சொல்வது இவைதான்:

• முதலில் லினக்ஸ், வலையமைப்பு, ‘கிட்’ மூன்றையும் பழகுங்கள். டெராஃபார்ம் அதன் பிறகு.

• கிளவுட் கணக்கைத் திறந்த அன்றே செலவு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும். ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான், கணினியைத் தானாக அணைக்காது.

• கடவுச்சொல்லையும் ரகசியச் சாவியையும் கோப்பில் எழுதாதீர்கள். ஸ்டேட் கோப்பையும் பொதுவில் போடாதீர்கள், அதற்குள் ரகசியங்கள் இருக்கலாம்.

• சின்ன மாடல் ஒன்றை எடுத்துக் கட்டுங்கள், கலையுங்கள், மறுபடி கட்டுங்கள். இரண்டாவது முறையும் அதே மாதிரி வந்தால்தான் கற்றதாக அர்த்தம்.

• ஏஐ எழுதித் தரும் கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். பிளானைப் படியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை அறையில் திரையையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளையாடுகிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘அழிப்பேன்’ என்ற வரியை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் கூப்பிடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.